பொடி யார் வீட்டுப் பொடி?

ஆகஸ்ட் பிறந்தால் ஊரப்பாக்கத்து மாவு மில்லில் வறுத்த மிளகாயும் தனியாவும் டப்பா டப்பாவாக வந்திறங்கும். செப்டம்பரில் பிரிட்டனுக்கு எம்.எஸ்சி. படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு. சாப்பாட்டை அவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். திணறுவது முதல் கட்டுரை எழுதும்போதுதான். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் தேறியவர்களுக்கு என்ன கஷ்டம் என்று வீட்டில் கேட்பார்கள். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதி ஒரு மணி நேரம். 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று. பத்துப் புத்தகத்தைப் படித்து அலசி எழுதும் வேலை அதில் கிடையாது.

நம் பரீட்சை பந்திச் சாப்பாடு. இலையில் விழுந்த சாம்பார் ருசித்தால் மார்க். பதினாறு மார்க் கேள்விக்கு நோட்ஸை வரி பிசகாமல் எழுதினாலும், பொடி எங்கே அரைத்தது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே பேராசிரியர் நேராக சமையற்கட்டுக்குள் வந்து நிற்கிறார். என்ன குழம்பு வைக்கப்போகிறாய் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். பொடி யாருடையது, புளி எந்தக் கடை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே கிளற வேண்டும். மேற்கோள் குறிப்பு என்பது அவ்வளவுதான். உப்புக்குக் கடை சொல்ல வேண்டாம்: 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது என்பதற்குச் சாட்சி தேவையில்லை. விடுதலைக்குப் பின் நெசவுத் தொழில் ஏன் நலிந்தது என்று எழுதினால் தேவை.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது வேறிடத்தில். பக்கத்து வீட்டு சாம்பாரை வாங்கி, மேலே கொத்தமல்லி தூவி இறக்குவது. மூல நூலின் வாக்கியத்தை வைத்துக்கொண்டு ‘அதிகரித்தது’ என்ற இடத்தில் ‘கூடியது’ என்று போடுவார்கள். வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கும். கடைசியில் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் அது திருட்டுக் கணக்கில்தான் சேரும். பிள்ளைக்கோ தான் திருடியதே தெரியாது. பாவம், பன்னிரண்டு வருஷம் அதற்குத்தான் மார்க் வாங்கியிருக்கிறது. வழி ஒன்றுதான். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, தோழியிடம் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்து எழுதுவது. பிறகு திறந்து சரிபார்த்து, பெயரைப் போடுவது.

கட்டுரைகளை ஒப்பிடும் டர்னிடின் மென்பொருள் பாத்திரத்தை மோந்து பார்க்கும். ‘இந்த வாசனை இன்ன வீட்டிலும் இருக்கிறது’ என்பதோடு அதன் வேலை முடிந்தது. இருபது சதவீதம் பொருந்தியும் தப்பில்லாமல் இருக்கலாம், நூற்பட்டியலும் மேற்கோள்களுமே அதில் பாதியாக இருந்தால். எட்டுச் சதவீதம் முழுக்க ஒரே பத்தியிலிருந்து வந்தால்தான் வம்பு. தீர்ப்புச் சொல்வது மனிதர்.

செய்முறையைக் காட்ட வேண்டிய இந்தப் பாடு கணித மேதை ராமானுஜனுக்கும் இருந்தது. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பியது வரிசை வரிசையாக முடிவுகள். நிரூபணம் அநேகமாக இல்லை. அவர் கணிதம் கற்ற, கார் என்பவர் எழுதிய தேற்றத் தொகுப்பும் அப்படிப்பட்டதே. ருசித்துப் பார்த்து மலைத்த ஹார்டி, பதிலில் கேட்டது செய்முறையை. ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி, நிரூபணங்களோடு நீண்ட கட்டுரை 1915-இல் வந்தது. மறுவருடம் பட்டமும் கிடைத்தது. சாப்பாட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, அறையிலேயே சமைத்துக்கொண்டார்.

நம் பிள்ளைகளுக்கு முதல் மதிப்பெண் வந்ததும் இன்னொரு அதிர்ச்சி: 62. தொண்ணூறுக்குக் குறைந்து பார்த்திராத பிள்ளை அழும். பிரிட்டனில் முதுகலைக்கு வழக்கமாக 50 தேர்ச்சி, 70 உயர்சிறப்பு. 62 நல்ல மார்க். அம்மாவுக்கு இதை விளங்கவைப்பதுதான் பெரும்பாடு.

மார்க்கைவிட ஓரத்துக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். ‘யார் சொன்னது?’, ‘அதனால் என்ன?’ என்ற இரண்டும் திரும்பத் திரும்ப வரும். குழம்பு அடுப்பில் இருக்கும்போதே உப்புப் பார்க்கவும் அங்கே ஆள் உண்டு. வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களைப் பார்ப்பதற்கென்றே பேராசிரியர் அறையில் இருப்பார். நம் பிள்ளைகள் தொந்தரவு என்று நினைத்துப் போகமாட்டார்கள். முழுக் கட்டுரையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு பத்தியும் இரண்டு கேள்வியும் போதும்.