வீட்டுச் செடிகளை இடம் மாற்றும்போது

இடம்பெயர்ந்த குடும்பமொன்று நிலையான வீட்டுக்குப் புறப்படும் நாளில் தகரம், கதவு, பாத்திரம் எல்லாம் லான்ட்மாஸ்டரில் ஏறும். செடிகள் கடைசி நேரத்தில் பிடுங்கப்பட்டு அவற்றின்மேல் போடப்படும். போய்ச் சேரும்போது பாதி வாடியிருக்கும். மீதி அடுத்த கிழமைக்குள் கருகிவிடும். இதனைச் சிறிய இழப்பென்று நாம் கருதவில்லை. கறிக்குப் போடும் கறிவேப்பிலையும் இருமலுக்கு அவிக்கும் கற்பூரவள்ளியும் பிள்ளைகளுக்கு வறுக்கும் முருங்கையிலையும் நிவாரணப் பொதியில் வருவதில்லை.

2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தன. பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தன. 818 ஏக்கர் காணி 2015 ஆகஸ்டில் மீளக் கையளிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. இந்த இரு மாதங்களையும் கவனியுங்கள். ஆகஸ்ட், கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கும் காலம். மார்ச், மாரி ஓய்ந்து வெயில் ஏறும் காலம். காணி விடுவிக்கும் நாளை எவரும் செடியைப் பார்த்துக் குறிப்பதில்லை.

ஆகவே மனிதர் போகும் நாளும் செடி போகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் முன்னே போங்கள்; செடிகள் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வரட்டும். அதுவரை அயலவர் எவரிடமாவது ஒப்படைக்கலாம். இருந்த இடத்தை உடனே விடவேண்டிய நிலையென்றால், சிறிய செடிகளை உரப்பையிலோ பால்மாப் பேணியிலோ அடியில் துளையிட்டு நட்டு, நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

எல்லாச் செடியையும் வேரோடு தூக்க வேண்டுமென்பதுமில்லை. முருங்கைக்கு மணிக்கட்டுப் பருமனில் மூன்று நான்கு அடித் தடி போதும். வெட்டிச் சில நாட்கள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் நடவேண்டும். செவ்வரத்தைக்கும் கற்பூரவள்ளிக்கும் தண்டு போதும், துளசிக்கு விதை போதும். வாழையில் வாள்போல ஒடுங்கிய இலையுள்ள குட்டியை எடுத்து, கிழங்கைச் சீவிப் பாருங்கள். துளை தெரிந்தால் கூன்வண்டு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். உச்சியில் இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும் வாழையிலிருந்து குட்டியே எடுக்க வேண்டாம்.

கறிவேப்பிலைதான் பொறுமை கேட்கும். பெரிய மரத்தைத் தோண்டுவது வீண் வேலை. அதன் பக்கவேரில் முளைத்த கன்றை வேர்த்துண்டோடு எடுப்பது நல்லது. இடுப்பளவு செடியென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, பாதி வட்டத்துக்கு மண்வெட்டியை நேராக இறக்கி வேரை அறுத்து, மண்ணை மூடி நீர் விடுங்கள். இரண்டு கிழமை கழித்து மறுபாதி. அறுத்த இடத்தில் புதிய சல்லிவேர் விடும். பின்னர் மண்கட்டியோடு கிளப்பி ஈரச்சாக்கில் இறுகக் கட்டும்போது செடி அதிகம் அதிராது. இலையில் பாதியைக் கழித்துவிடுங்கள். குறைந்த வேர் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. இலையைக் கழிக்க மனம் வராதவர்களே செடியை முழுதாக இழக்கிறார்கள்.

காய்க்கிற தேசிமரத்தை அசைக்க முடியாது. ஆனால் அதன் கிளை உங்களோடு வரும். மழைக்காலத்தில் பென்சில் பருமனான கிளையில் ஓரங்குலம் பட்டையை வளையமாக நீக்கி, ஈரத்தும்பும் மண்ணும் வைத்துப் பொலித்தீனால் சுற்றி இரு பக்கமும் கட்டுங்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டிப் பையில் நட்டுவையுங்கள். இலையிலும் காயிலும் சொறிப்புள்ளி உள்ள மரத்தில் பதியம் வைக்க வேண்டாம். நோயும் கூடவே புது வளவுக்கு வந்துவிடும்.

ஏற்றும் நாளுக்கு முதல்நாள் மாலை நீர் விடுங்கள். புறப்படும்போது விட்டால் மண்கட்டி கரைந்து உடையும். திறந்த பெட்டியில் போகும்போது வெயிலைவிடக் காற்றே இலையை அதிகம் உலர்த்துகிறது. பழைய சேலையோ கிடுகோ போட்டு மூடுங்கள். விடியற்காலைப் பயணம் நல்லது. சேர்ந்தபின் பத்து நாட்கள் நிழலில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக வெயில் காட்டுங்கள்.

நீண்டகாலம் கைவிடப்பட்டிருந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின்பே பயன்படுத்துங்கள். கொட்டியாரக் குடாக் கரையோரமென்றால் நீரை வாயில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் தேசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஆகாது, இலைநுனி கருகும். மழைநீரைப் பீப்பாவில் பிடித்து அவற்றுக்கென வைத்திருங்கள்.

வெடிபொருள் அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத காணியில், செடிக்குழியென்றாலும் மண்வெட்டியை வைக்க வேண்டாம். வேலியோரமும் பற்றை மண்டிய மூலையும் அப்படியே இருக்கட்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். அந்த இடம் துப்புரவாகும்வரை செடிகள் பையிலேயே வளரட்டும். நீரும் நிழலும் இருந்தால் ஒரு வருடமும் தாங்கும்.