திரை ஒன்று, சாளரம் பல

ஐசுலாந்து நாட்டு நிறுவனமொன்று உருவாக்க, 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்வெளி விளையாட்டு ‘ஈவ் ஆன்லைன்’. இதில் ஒருவரே பல கணக்குகளைத் திறந்து, விண்கலத்துக்கொரு சாளரமாக ஒரே திரையில் அடுக்கி ஆடுவதுண்டு. படம் சிதையாமல் அடுக்குவது எங்ஙனம் என்பதே அவர்முன் நிற்கும் வினா. விடை, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தகவில் அடங்கியுள்ளது.

இன்று பரவலாக உள்ள திரை, அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகள் உடையது. அதன் தகவு 16:9. இதனை நெடுக்காக இரண்டாக்கினால் ஒவ்வொரு பாதியும் 960×1080 ஆகித் தகவு 8:9 எனக் குன்றும். முழுத்திரைக் காட்சியை அப்பாதிக்குள் திணித்தால், 100 புள்ளி விட்டமுள்ள கோள் 50 புள்ளி அகலமும் 100 புள்ளி உயரமுமாக ஒடுங்கிவிடும். சில விளையாட்டுகள் படத்தை ஒடுக்காமல் பக்கக் காட்சியை வெட்டிவிடும், அதுவும் இழப்பே.

இரு பக்கங்களையும் ஒரே எண்ணால் வகுத்தால் வடிவம் நிலைக்கும். இரண்டால் வகுக்க, 960×540 அளவில் நான்கு சாளரங்கள் பொருந்தும். மூன்றால் வகுக்க, 640×360 அளவில் ஒன்பது. அவ்வொன்பதில் நான்கை இணைத்தால் 1280×720 அளவில் ஒரு தலைமைச் சாளரம் கிடைக்கும். எஞ்சிய ஐந்தும் அதன் வலப்புறம் இரண்டு, கீழே மூன்று என அமையும். ஒரு புள்ளியும் வீணாகாது. 2560×1080 அளவுள்ள அகன்ற திரையிலோ, முழு அளவுச் சாளரம் ஒன்றின் அருகே 640×360 சாளரங்கள் மூன்று மேலும் கீழுமாகச் சரியாக அமர்கின்றன.

இக்கணக்கைக் குலைப்பவை சாளரத்தின் தலைப்புப்பட்டையும் விளிம்பும், திரையடியில் கிடக்கும் பணிப்பட்டையும் ஆகும். அவை உயரத்தில் சில புள்ளிகளைக் கவர்ந்துகொள்ளும். ஆதலால் விளிம்பில்லாச் சாளர முறையைத் தேர்ந்து, பணிப்பட்டையை மறைத்தல் வேண்டும்.

தகவு காத்தால் மட்டும் தெளிவு வந்துவிடாது. 320×240 அளவில் வரைந்த பழைய விளையாட்டை நான்கு மடங்காக்கினால் 1280×960 ஆகும்; ஒவ்வொரு புள்ளியும் அகலத்திலும் உயரத்திலும் நந்நான்கு புள்ளிகளாய்ச் சீராக விரியும். உயரம் முழுதும் நிரம்பவேண்டி 4.5 மடங்காக்கினால், ஒரு புள்ளி நான்காகவும் அடுத்தது ஐந்தாகவும் பிறழும். சமன்செய்ய முயன்றால் படம் மங்கும்.

எனவே திரையைக் கூறுபோட்டபின் படத்தை அதனுள் அடைப்பது முறையன்று. படத்தின் தகவை முதற்கண் கொண்டு, அதன் முழு மடங்குகளிலும் சரிபங்குகளிலும் சாளரங்களை அளந்து அமைப்பதே முறை. அவ்வாறு அமைத்தபின் ஓரங்களில் கரும்பட்டை எஞ்சினால் எஞ்சட்டும். காட்சியின் மெய்வடிவுக்கு நாம் தரும் சிறுவிலை அது.