ரூத்தா, ஆரனா, கிளெமென்டேயா?

பிராட்மனா, டெண்டுல்கரா என்ற சண்டை எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் நடக்கும். இந்த முறை கிள்ளானிலிருந்து வந்திருந்த அக்கா மகன் அதை அமெரிக்காவுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டான். பேஸ்பால் வரலாற்றில் சிறந்த ரைட் ஃபீல்டர் யார்?

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு அந்த இடம் தெரியும். மட்டை பிடிப்பவருக்கு வலக்கோடியில், மூன்றாம் பேஸிலிருந்து வெகு தொலைவில் நிற்பவர்தான் ரைட் ஃபீல்டர். முதல் பேஸில் இருப்பவர் ஒரே மூச்சில் மூன்றாம் பேஸுக்கு ஓடப் பார்ப்பார். அவரைத் தடுக்க நீளமாக எறிய வேண்டும். அதனால் நல்ல கைவலு உள்ளவரை அங்கே நிறுத்துவார்கள். ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது அவர்களின் மட்டையைத்தான். பேப் ரூத் 714 ஹோம் ரன், ஹாங்க் ஆரன் 755. என் ஆள் ரோபர்ட்டோ கிளெமென்டேயோ வெறும் 240.

வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர்களை மோதவிட ஒரு பழைய வழி உண்டு. ஹால் ரிச்மேன் என்பவர் 1961இல் விற்கத் தொடங்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் விளையாட்டுதான் அது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. மூன்று பகடை உருட்ட வேண்டும். ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்து வீசுபவரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை என்ன நடந்தது என்று சொல்லும். அவர் அந்த ஆண்டு உண்மையில் எப்படி ஆடினாரோ, அதை வைத்தே அட்டை தயாராகிறது.

நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்த பெட்டி என்னிடம் இருந்தது. இரண்டு மாலைகளில் மூன்று ஆட்டம்தான் முடிந்தது. மென்பொருள் வேலை பார்க்கும் பையனுக்குப் பொறுமை போய்விட்டது. அதே முறையில் கணினியில் ஒரு நிரல் எழுதிவிட்டான். ஒரே குழு, அதே எட்டுப் பேர். ரைட் ஃபீல்டர் மட்டும் மாறுவார். பருவத்துக்கு 162 ஆட்டம். அதே ரூத் ஒரு பருவத்தில் குழுவை முதலிடத்துக்குக் கொண்டுபோனார், அடுத்ததில் மூன்றாம் இடம். ஆகவே ஆயிரம் பருவங்களை ஓடவிட்டுச் சராசரி பார்த்தோம்.

ரூத்தான் முன்னே நின்றார். ஆச்சரியமில்லை. 1927இல் அவர் 60 ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீக்கில் வேறெந்தக் குழுவும், குழுவாகச் சேர்ந்துகூட, அத்தனை அடிக்கவில்லை.

எனக்கு அங்கேதான் இடித்தது. அட்டை ஒருவரை அவர் காலத்துச் சராசரி ஆட்டக்காரரோடு ஒப்பிடுகிறது. அந்தச் சராசரியில் யார் யார் இருந்தார்கள்? 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமே இல்லை. ரூத் 1935இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். சாச்சல் பேஜ் போன்ற பந்துவீச்சாளரை லீக் ஆட்டம் எதிலும் அவர் சந்திக்க நேரவில்லை. ஆரனோ 1952இல் கறுப்பினத்தவர் லீக்கில் தொடங்கி, 1954இல் பெரிய லீக்குக்கு வந்து, பாப் கிப்சனையும் சாண்டி கோஃபாக்ஸையும் எதிர்கொண்டவர்.

“ஒரு எண்ணால பெருக்கிடலாம் மாமா” என்றான்.

“எந்த எண்?”

விசைப்பலகையில் விரல் அப்படியே நின்றது.

1973ஆம் ஆண்டு ஆரன் அட்டையில் 40 ஹோம் ரன் இருக்கிறது. அப்போது அவருக்கு 39 வயது. ரூத்தின் 714ஐ நெருங்கியதற்காக அந்த நாள்களில் வந்து குவிந்த கொலை மிரட்டல் கடிதங்களுக்கு அட்டையில் இடமில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி 715ஐ அடித்தார்.

திடலும் கணக்கைக் குழப்பும். 511 ஹோம் ரன் அடித்த மெல் ஓட்டின் சொந்தத் திடலில் வலக்கோடிச் சுவர் 258 அடியில் இருந்தது. கிளெமென்டேயின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு பரந்த மைதானம், ஹோம் ரன்னுக்குக் கஞ்சம். அவர் பெயர் பெற்றது வேறொன்றில்: 12 தங்கக் கையுறை விருதுகள்.

பகடை ஆட்டத்தில் அதை நேரில் பார்த்தேன். பையனின் ஓட்டக்காரர் இரண்டாம் பேஸில். பந்து வலப்பக்கம் போனது. ஓடி வந்தால் ஆட்டம் சமம். கிளெமென்டேயின் கைவலு எண்ணைப் பார்த்துவிட்டு, “வேணாம் மாமா, மூணாவதுலேயே நிக்கட்டும்” என்றான். அந்த ஓட்டக்காரர் அங்கேயே நின்றுபோனார். ஓடாத ஓட்டத்தை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது?

நிரலில் அதற்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். யார் நின்றாலும் ஓட்டக்காரர்கள் ஒரே மாதிரிதான் ஓடுவார்களாம்! அத்தனை பருவங்களிலும் கிளெமென்டே வெறும் மட்டையாளராகத்தான் இருந்திருக்கிறார். அன்றிரவே திருத்தினான். இடைவெளி குறைந்தது, ஆனால் ரூத்தே முன்னால். பந்து வீசித்தான் ரூத்தும் ஆட்டத்துக்கு வந்தவர், அவர் கையும் லேசுப்பட்டதில்லை.

பையன் இன்னும் ரூத் பக்கம். நான் இப்போது ஆரன் பக்கம். கதவு திறந்த லீக்கில் 23 பருவம் ஆடியவர். என் கிளெமென்டேயை நானே கைவிட்டதில் வருத்தம்தான்.

1972 செப்டம்பர் 30ஆம் தேதி கிளெமென்டே தம் 3,000ஆவது ஹிட்டை அடித்தார். டிசம்பர் 31ஆம் தேதி, நிக்காராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள்கள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். வயது 38.

“கடைசி மூணு வருஷச் சராசரியை வச்சு 1973ஐ ஓட்டிப் பார்க்கவா மாமா?”

நான் பதில் சொல்லுமுன் ஓட்டிவிட்டான். எண்ணைச் சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்றேன். உள்ளிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் இச்சிரோ. 2004இல் 262 ஹிட். பையன் தகவல்களை இப்போதே ஏற்றி வைத்துவிட்டான்.