தோண்டாமல் வேரைக் காட்டும் ரேடார்: மாரிகுப்பம் மண்மேடுகளுக்கு உதவுமா?

புது தில்லி: பங்காருபேட்டையில் பிரியும் கிளை ரயில் பாதை முடிவடையும் ஊர் மாரிகுப்பம். கோலார் தங்கவயலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட மண், இப்பகுதியில் குன்றுகளாக நிற்கிறது. 'சயனைடு மலை' என்பது ஊர் வழக்கு. காற்று வீசினால் அதன் தூசு, வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளில் இருந்து சுரங்க வேலைக்குச் சென்ற தமிழர்களின் வாரிசுகள் வாழும் லைன் வீடுகளில் படிகிறது.

மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன் 13 மண்மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு, கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மண்ணில் எஞ்சிய தங்கம் எவ்வளவு என்று கணக்கிடுவது சரிதான். அம்மேடுகளில் வேரூன்றிய மரங்களும் புதர்களும் எவ்வளவு மண்ணைப் பிடித்து வைத்துள்ளன என்பதையும் கணக்கிட வேண்டாமா?

தோண்டிப் பார்த்தால் வேர் அறுபடும், தூசும் கிளம்பும். இதற்கு மாற்றாக இருப்பது நிலத்தடி ரேடார். அயோத்தியில் அகழாய்வுக்கு முன்பு நீதிமன்ற உத்தரவின்பேரில் பயன்படுத்தப்பட்டதும் இவ்வகைக் கருவியே. இதைக் கொண்டு மர வேர்களைப் படமெடுக்கலாம் என்பதை செக் குடியரசு ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

தள்ளுவண்டி போன்ற கருவி, தரைக்குள் ரேடியோ அலைகளைச் செலுத்துகிறது. ஈரமுள்ள வேரும் காய்ந்த மண்ணும் சந்திக்கும் இடத்தில் அலை எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பி வர ஆகும் நேரத்தைக் கொண்டு வேரின் ஆழம் கணக்கிடப்படுகிறது. திரையில் ஒவ்வொரு வேரும் கவிழ்த்த வில்லாகத் தெரியும். விரல் பருமனுள்ள வேர்கள் சிக்கும். நூல் போன்றவை சிக்காது. நகரங்களில் குழாயும் கேபிளும் வேரைப்போலவே தோன்றிக் குழப்பும். அரைத்த மண் மட்டுமே குவிந்த மேட்டில் அத்தொல்லை குறைவு. ஆனால், உப்பும் ஈரமும் மிகுந்தால் அலை மங்கிவிடும்.

கருவிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. மூன்று கிலோ மீட்டருக்கும் மேல் ஆழமான இச்சுரங்கங்களில் பாறை வெடிப்புகள் தொழிலாளர்களைப் பலி கொண்டன. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில்தான் 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மத்திய சுரங்க அமைச்சகத்தின்கீழ் இயங்கும் அந்நிறுவனம், அணை, சுரங்கப் பணிகளில் நிலத்தடி ரேடாரைக் கையாண்டு வருகிறது. மண்மேடுகள் விவகாரத்தைக் கவனிப்பதும் அதே அமைச்சகம்தான்.

மண்வாரி இயந்திரங்கள் மேட்டில் ஏறுவதற்கு முன்பே இந்த ஆய்வு நடக்க வேண்டும். அதுவும் மண் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் நடந்தால்தான் படம் தெளிவாகக் கிடைக்கும்.