அணையைச் சரித்த மஞ்சள் களிமண்

இங்கிலாந்தில் டெர்பிஷையர் என்று ஒரு மாவட்டம். அங்கே கார்சிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், மண்ணைக் கொட்டி இறுக்கி ஓர் அணை கட்டினார்கள். உயரம் 30 மீட்டருக்கும் மேல். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1984 ஜூன் மாதம், தண்ணீர் நிற்க வேண்டிய பக்கத்துச் சரிவு சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படியே வழுக்கி இறங்கியது! நல்லவேளை, அணையில் இன்னும் தண்ணீர் தேக்கவில்லை.

இத்தனைக்கும் கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள், குட்டீஸ். அது என்ன கணக்கு தெரியுமா? சரிவில் இருக்கும் மண்ணை அதன் எடையே கீழே இழுக்கும். மண்ணின் பிடிமானம் அதைத் தடுக்கும். தடுக்கும் பலத்தை இழுக்கும் பலத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 1-க்கு மேல் இருந்தால் சரிவு நிற்கும். 1-க்கு இறங்கினால் சரியும். கார்சிங்டன் மண்ணின் முழு பலத்தையும் வைத்துக் கணக்கிட்டால் சுமார் 1.4 வருகிறது. பிறகு ஏன் சரிந்தது?

நிபுணர்கள் தோண்டித் துருவினார்கள். அணைக்கு அடியில் மஞ்சள் களிமண் படலம் ஒன்றை அகற்றாமல் விட்டிருந்தது தெரிந்தது. குளிர் மிகுந்த பனியுகத்தில் அந்த மண் மெல்ல நகர்ந்திருக்கிறது. அதனால் அதற்குள் வழவழப்பான பிளவுகள் இருந்தன. அவற்றையும் சேர்த்தால் எண் 1.2 ஆகக் குறைந்தது. அப்போதும் 1 வரவில்லையே!

மிச்சப் புதிருக்கு விடை வேறு இடத்தில் இருந்தது. பத்துப் பேர் ஒரு கனமான மரத்தைத் தூக்கிச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நோஞ்சான் ஒருவர் தோளை விலக்கினால் அவருடைய பாரம் பக்கத்தில் இருப்பவர் மேல் விழும். அவரும் தளர்ந்தால் அடுத்தவர் மேல். பத்துப் பேரின் பலத்தையும் முன்கூட்டியே கூட்டி வைத்திருந்தால் அந்தக் கணக்கு பலிக்குமா? கார்சிங்டன் களிமண்ணும் இப்படித்தான். ஓர் அளவுக்கு மேல் நகர்ந்துவிட்டால் அதன் பலம் குறைந்துவிடும். ஒவ்வோர் இடமாகத் தளர்ந்துகொண்டே போனது.

இதைக் கையால் கணக்கிட முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் அணையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எடை, பலம் எல்லாம் கொடுத்தார்கள். பிறகு, நிஜத்தில் கட்டியது போலவே அடுக்கடுக்காக மண்ணை ஏற்றினார்கள். ஒரு கட்டம் தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கட்டங்களுக்குப் போகும், மறுபடி கணக்கு. இப்படியே போய், கம்ப்யூட்டர் அணையும் சரிந்தது! 1990-இல் இந்த ஆய்வு வெளியானது.

மண் ஒரே மாதிரி இருக்காது. ஒரு சாண் தள்ளித் தோண்டினாலே வேறு மண் வரலாம். எல்லா இடத்தையும் தோண்டிப் பார்க்கவும் முடியாது. அதற்கும் 1990-களில் ஒரு வழி வந்தது. தாயம் உருட்டுவது போல, கட்டங்களுக்கு வெவ்வேறு பலத்தைக் கம்ப்யூட்டரே கொடுத்துப் பார்க்கும். ஆயிரம் முறை உருட்டி, எத்தனை முறை சரிகிறது என்று எண்ணும். சரிவு எப்போதும் பலவீனமான கட்டங்களைத் தேடிப் பிடித்துப் பாதை போட்டுக்கொள்ளும். பலே கில்லாடி!

கார்சிங்டனில் மஞ்சள் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, சரிவைச் சாய்வாக்கி, அணையை மறுபடி கட்டினார்கள். 1992-இல் ராணி எலிசபெத் திறந்து வைத்தார். இப்போது அந்த ஏரியில் படகு விடுகிறார்கள்.