பெட்டைக் குதிரை சினைப்படாமைக்குரிய காரணங்கள்

பசு வளர்த்துப் பழகியவர் குதிரை வளர்க்க முற்படும்போது, பசுவிற்குரிய கணக்கையே குதிரைக்கும் வைத்துக்கொள்வதுண்டு. இரண்டு மூன்று முறை பொலிகுதிரையுடன் சேர்த்தும் சினை நிற்கவில்லையாயின், மலடென்று கூறி விற்றுவிடுகின்றனர். அவ்வாறு கழிக்கப்படும் குதிரைகளுட் சில மலடே அல்ல. நாள் தவறிச் சேர்க்கப்பட்டவையாகும்.

பசுவின் வேட்கை ஏறக்குறைய 18 மணித்தியாலம் நீடிக்கும். அது தணிந்து சில மணித்தியாலங்கள் சென்ற பின்னரே சூல் வெளிப்படும். ஆதலால் காலையில் வேட்கை கண்ட பசுவை மாலையில் சேர்த்தால் போதும். குதிரையோ இதற்கு மாறானது. அதன் வேட்கைச் சுற்று 21 அல்லது 22 நாள். வேட்கை 5 முதல் 7 நாள் வரை நிற்கும். சூல் வெளிப்படுவது வேட்கை முடிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னராகும். முதல் நாளில் ஒருமுறை மட்டும் சேர்த்தால், சூல் வருமுன் விந்து வலுவிழந்துவிடக் கூடும். 2ஆம் அல்லது 3ஆம் நாள் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், பெட்டை மறுக்கும் வரை சேர்ப்பதே முறையாகும்.

வேட்கையை அறிவதுதான் கடினம். பசு கதறும், மற்ற மாடுகள் மீது தாவும். பெட்டைக் குதிரை பெரும்பாலும் பொலிகுதிரையைக் கண்டால்தான் குறி காட்டும்: வாலை உயர்த்தும், பின்கால்களை அகற்றி நிற்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், பெண்குறியைத் திறந்து மூடும். வேட்கை இல்லாதபோது காதை மடக்கி உதைக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கொட்டிலில் தனியே நிற்கும் பெட்டை, வேட்கை வந்தும் வராதது போலவே தோன்றக்கூடும். அத்தகையதை ஒருநாள் விட்டு ஒருநாள் பொலிகுதிரை உள்ள இடத்துக்குக் கொண்டுசென்று, உறுதியான தடுப்பின் இருபுறமும் நிறுத்திப் பார்த்து, கண்டதை நாட்காட்டியிற் குறித்துவைத்தல் வேண்டும். அதற்கு வசதியில்லாதோர் மிருக வைத்தியரைக் கொண்டு ஸ்கேன் கருவியாற் சூலகத்தைப் பரிசோதிப்பிக்கலாம்.

மேல்நாட்டு நூல்கள், குளிர்காலத்தில் லாயத்தில் விளக்கெரித்து நாளொன்றுக்கு 16 மணித்தியால வெளிச்சம் தருமாறு கூறும். அங்கு பகல் நீளும்போதே பெட்டைக்கு வேட்கை வருவதால் அது பொருந்தும். கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வேறுபாடும் இல்லை. மின்சாரத்துக்குச் செலவிடும் பணத்தைத் தீனிக்குச் செலவிடுதல் நன்று. நெடுந்தீவுக் கட்டாக்காலிக் குதிரைகளுக்கு வேட்கை பார்க்க மனிதர் தேவையில்லை. பொலிகுதிரை கூட்டத்துடனேயே திரிகின்றது. கோடையில் அவற்றை வாட்டுவது புல்லும் நீரும் இல்லாமையே. மெலிந்த குதிரைக்கு வேட்கை பிந்தும், அல்லது நின்றுவிடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும், கையால் தடவினால் தட்டுப்படுமாறும் உடல் இருத்தல் வேண்டும்.

குட்டி ஈன்று 7 முதல் 10 நாளில் மீண்டும் வேட்கை வரும். ஈற்று இலகுவாக நடந்திருந்தால் அப்போது சேர்க்கலாம். கடினமாயிருந்தால் அடுத்த வேட்கை வரை பொறுத்தலே நலம். இளங்கொடி விடயத்திலும் பசுவின் கணக்கு உதவாது. பசுவிற்கு அரை நாள் வரை பொறுக்கலாம். குதிரைக்கு 3 மணித்தியாலம் கடந்தால் ஆபத்து. கருப்பை அழற்சியும் குளம்பு அழற்சியும் தொடரக்கூடும். தொங்கும் கொடியை மிதிபடாதவாறு முடிச்சிட்டுவிட்டு, இழுக்காமல், உடனே வைத்தியரை அழைக்கவும்.

சில பெட்டைகளில், சூல் வெளிப்பட்ட இடத்தில் தோன்றும் மஞ்சட் சடலம் உரிய காலத்திற் கரையாமல் நின்று, இரண்டு மாதம் வரை வேட்கையைத் தடுக்கும். இதனைக் கரைக்க ஊசிமருந்து உண்டு. சினையில்லை என்று உறுதி செய்யாமல் அதனை ஏற்றினால் கரு கலைந்துவிடும். கர்ப்பிணிகளும் இழுப்பு நோயுள்ளோரும் அம்மருந்தைத் தொடுதல் கூடாது. முதிர்ந்து மெலிந்த பெட்டைகளிற் பெண்குறி சரிந்து சாணம் உட்புகுவதால் கருப்பையில் நோய்க்கிருமி தங்கும். மேற்பாகத்தைத் தைத்துவிடும் சிறு சத்திரசிகிச்சை இதற்குப் பயன்தரும். ஈற்றுக்கு முன் தையலை மறவாது திறத்தல் வேண்டும்.

சூல் வெளிப்பட்ட 14ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் ஸ்கேன் பரிசோதனை செய்வித்தல் அவசியம். குதிரைக்கு இரட்டைக் கரு பெரும்பாலும் கலைந்துபோகும். அந்நாட்களில் ஒன்றை வைத்தியர் கையால் நசுக்கிவிட, மற்றது தப்பிப் பிழைக்கும். பின்னர் கருக்கள் ஓரிடத்திற் பதிந்துவிட்டால் பிரித்துக் கையாள்வது கடினமாகும்.