சிப்பாயின் சிவப்புக் கோட்டும் சப்பாத்திக்கள்ளியும்

ஜெயமங்கலம் பக்கத்துக் கரட்டோரங்களில் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மட்டையில் சில சமயம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். நீளக் குச்சியால் அந்தப் பஞ்சை நசுக்கிப் பாருங்கள், கருஞ்சிவப்பாகக் கசியும். (கையை வைக்காதீர்கள். அந்தப் பொடி முள் குத்தினால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்!) பஞ்சுக்குள் ஒளிந்திருப்பது ஒரு பூச்சி. இதன் நெருங்கிய உறவான இன்னொரு பூச்சிக்காகத்தான் ஒரு காலத்தில் பேரரசுகள் போட்டி போட்டன. ராணுவக் கோட்டுக்கும் அதுதான் சாயம்!

இன்றைய படைவீரர் எதிரியின் கண்ணில் படாமல் இருக்க உடுத்துகிறார். அந்தக் காலத்தில் நேர்மாறு. ரோமாபுரியில் வென்று திரும்பிய தளபதி, கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் ஏற்றிய உடையில் ஊர்வலம் போனார். இங்கிலாந்தில் 1645-ல் அமைத்த புதிய படைக்குச் சிவப்புக் கோட்டு கொடுத்தார்கள். அன்றைய கரிமருந்துத் துப்பாக்கி வெடித்தால் களம் முழுக்கப் புகை மூடிவிடும். அந்தப் புகைக்குள் நம் ஆள் யார், எதிராளி யார் என்று தெரிய வேண்டாமா? பளிச்சென்ற நிறம் அதற்கு உதவியது.

சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வகை வேரின் சாயம். நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரில் இருப்பதும் அதே நிறமிதான், அலிசரின் என்று பெயர். அதிகாரிகளுக்கு மட்டும் கண்ணைப் பறிக்கும் செஞ்சிவப்பு. அது மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகளைக் காயவைக்க வேண்டும். அந்த வியாபாரம் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அந்தச் சாயப்பொருள் பூச்சியா விதையா என்றே ஐரோப்பாவில் பலருக்கு வெகுகாலம் தெரியவில்லை.

இருந்த இடத்தை விட்டு நகராத பெண் பூச்சிக்கு எதற்கு இவ்வளவு நிறம்? அந்த நிறத்தின் பெயர் கார்மினிக் அமிலம். எறும்புக்கு அது பிடிக்காது. ஆகவே அது பூச்சியின் கவசம்.

வெறும் தண்ணீரில் கரைத்து முக்கினால் சாயம் சரியாகப் பிடிக்காது. படிகாரம் சேர்க்க வேண்டும். அதிலுள்ள அலுமினியம் ஒரு கையால் கம்பளி நூலையும் மறு கையால் நிறத்தையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளீயக் கரைசல் சேர்த்தால் நிறம் இன்னும் தகதகக்கும். கள்ளிப்பழம் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக் காட்டுகிறீர்களே, அது வேறு நிறமி. பீட்டாலைன் என்று பெயர். துணியில் அது நிலைக்காது.

ஸ்பெயினுக்குக் காசு கொடுக்காமல் சென்னையிலேயே சாயம் எடுத்தால் என்ன என்று கிளம்பினார் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786-ல் சென்னைப் பக்கம் ஏதோ ஒரு பூச்சியைக் கண்டுபிடித்து ஆர்வத்தோடு லண்டனுக்குக் கடிதங்கள் எழுதினார். அது வேறு பூச்சி. மனிதர் விடவில்லை, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அவையும் மட்டரகக் காட்டு இனம். சாயம் சுமார்தான், ஆனால் கள்ளியை மட்டும் வெளுத்து வாங்கின!

சாயக் கணக்குப்படி இது படுதோல்வி. எனக்கோ இதுதான் கதையில் பிடித்த இடம். நிலத்தை அடைத்துப் பரவிய ஒரு வகைக் கள்ளியை ஒழிக்க, 1836 வாக்கில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவில் விட்டார்கள். கள்ளி மடிந்தது. களைச்செடியைப் பூச்சியால் அடக்கியதில் உலகின் முதல் வெற்றி இது. இன்னொரு கள்ளி இனத்தை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு உறவுக்காரப் பூச்சியை வரவழைக்க வேண்டியிருந்தது.

சிவப்புக் கோட்டு வீழ்ந்ததற்கும் வேதியியல்தான் காரணம். 1884-ல் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து வந்தது. புகை இல்லாத களத்தில் சிவப்பு உடுத்தியவர் எதிரிக்கு நல்ல குறி. பெஷாவரில் 1840-களிலேயே தலைகாட்டிய காக்கி எங்கும் பரவியது. சிவப்பு விழாக்களோடு ஒதுங்கிக்கொண்டது. லண்டன் அரண்மனைக் காவலரிடம் அது இன்றும் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. 1773-ல் கம்பெனியின் ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் தொடங்கிய படைதான் இன்று டெல்லியில் நம் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் குதிரைப்படை. குடியரசு நாள் அணிவகுப்பில் அவர்களுடைய சிவப்புக் கோட்டுகளைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம்.

கொச்சினீல் பூச்சிக்கு இன்னும் ஓய்வில்லை. பெரு நாட்டில் வளர்த்து உதட்டுச் சாயத்திலும் மிட்டாயிலும் சேர்க்கிறார்கள். வெளிநாட்டு மிட்டாய் கையில் கிடைத்தால் உறையின் பின்பக்கம் படியுங்கள். நிறமிகளில் 120 என்ற எண் இருந்தால் அது இந்தப் பூச்சியின் சிவப்புதான்.